ஒரே இலை, பன்னிரண்டு நாள்

செப்டம்பர் 29, ஞாயிறு

ஃபோட்டோ கிளப் தலைவர் சொன்னபடி இன்றிலிருந்து குறிப்பு எழுதுகிறேன். எந்தப் படத்தை எங்கே, எந்த வெளிச்சத்தில் எடுத்தோம் என்று அன்றன்றைக்கே எழுதி வைத்தால்தான் கை தேறும் என்கிறார் அவர். எனக்கு இது புதிதில்லை. உடுமலையில் ஏழு வருடம், இங்கே ஸ்காட்லாந்தில் ஐந்து வருடம் காற்றாலைப் பராமரிப்பு எஞ்சினியராக லாக் புத்தகம் எழுதியவன். ஆங்கிலத்தில் எழுதினால் ஆபீஸ் வேலை போல ஆகிவிடும் என்பதால் தமிழில் எழுதுகிறேன்.

இந்த வருட இலையுதிர் காலப் போட்டிக்கு விதி மாறியிருக்கிறது. தனிப்படம் கிடையாது. பன்னிரண்டு படங்கள், எல்லாம் ஒரே பொருள், வெவ்வேறு நாளில் எடுத்தவை. பருவம் மாறுவது தெரிய வேண்டும். படம் திரையில் வரும்போது யார் எடுத்தது என்று சொல்ல மாட்டார்கள். முதல் பரிசு என்று அறிவித்ததும் எடுத்தவர் எழுந்து நின்று, எப்படி எடுத்தேன் என்று நாற்பது பேர் முன்னால் சொல்ல வேண்டும். அது இந்த கிளப்பின் வழக்கம். போன வருடம் எனக்கு மூன்றாம் பரிசு. மூன்றாம் பரிசுக்காரனை யாரும் எழுந்து நிற்கச் சொல்வதில்லை.

ஏரிக்கரையில் பீச் என்கிற காட்டு மரம் ஒன்று, பெரியது, பார்த்து வைத்திருக்கிறேன். இப்போது பச்சை. மூன்று வாரத்தில் தாமிர நிறத்துக்கு வந்துவிடும். அங்கே தரையில் ஆணி அடித்து ட்ரைபாட் நிற்கும் இடத்துக்கு அடையாளம் வைத்தேன். என் மனைவி சாரதாமணிக்கு இதையெல்லாம் விளக்கினேன்.

"ஒரே இடம், ஒரே தூரம், ஒரே வெளிச்சம். மாறுறது பொருள் மட்டுந்தான். புரியுதா?"

"புரியுதுங்க. நாம எதையும் மாத்தக் கூடாது. அதுவா மாறோணும்."

சில சமயம் டக்கென்று பிடித்துக்கொள்வாள். போன வருடம் பரிசு வாங்கிய பனிமூட்டப் படத்தைக்கூட அவள்தான் அமுக்கினாள். நான் காருக்குப் போய் ஃபில்டர் எடுத்து வருவதற்குள் அமுக்கிவிட்டாள். கேமரா என்னுடையது, இடம் நான் தேர்ந்தது, ஃபோகஸ் நான் வைத்தது. பட்டனை அமுக்கியது யார் என்பதெல்லாம் ஒரு பேச்சா?


அக்டோபர் 1, செவ்வாய்

மரம்: முதல் படம். மேகமூட்டம். நன்றாக வந்திருக்கிறது.


அக்டோபர் 6, ஞாயிறு

அல்மண்ட் ஆறு. கடலிலிருந்து திரும்பும் சால்மன் மீன்கள் அருவியை எதிர்த்துக் குதிக்கும் காலம். குதிப்பது என்று எல்லோரும் அழகாகச் சொல்கிறார்கள். நேரில் பார்த்தால் அது அடிவாங்குவதுதான். கை நீள மீன் தண்ணீரைப் பிளந்துகொண்டு வந்து பாறையில் முகம் மோதி, புரண்டு, மறுபடி சுழலுக்குள் விழுகிறது. சத்தம் கரைவரை கேட்கிறது. ஒன்றின் மூக்கு பிய்ந்து உள்சதை வெள்ளையாகத் தெரிந்தது. அதுவும் திரும்பத் திரும்ப அதே இடத்தில்தான் மோதியது.

"பாவமுங்க. அக்கட்டால படி மாதிரி வழி விட்டிருக்கறாங்க. அது தெரியாம இங்கயே வந்து முட்டுது" என்றாள் சாரதா.

"மீனுக்குப் பாவம் பாத்தது போதும், அசையாம நில்லு."

மூன்று மணி நேரம் காத்திருந்தேன். நாலு பத்துக்குப் பெரிய ஆண் மீன் ஒன்று, வயிறு சிவந்தது, என் ஃப்ரேமுக்குள் முழுசாக எழும்பியது. அந்த நொடியில் சாரதாவின் கால் வழுக்கி ட்ரைபாட் காலில் இடித்தது. படம் ஆடிப்போய்விட்டது. மூன்று மணி நேரம்!

"கூறு இருக்குதா உனக்கு? நின்ன எடத்துல நிக்கத் தெரியாதா?"

கேமராவைக் கழற்றிவிட்டு ட்ரைபாட்டை மடித்துத் தூக்கித் திரும்பும்போது அது அவள் தோளுக்குக் கீழே பட்டது. கொஞ்சம் வேகமாகவே பட்டிருக்கும். கார்பன் ஃபைபர்தான், கனமே கிடையாது. அவள் பாறையிலேயே உட்கார்ந்துவிட்டாள். எதிர்க்கரையில் இரண்டு பேர் பார்த்தார்கள். கை அசைத்தேன், அவர்களும் அசைத்தார்கள்.

வீடு திரும்பும் வழியில் நான்தான் பேச்சுக் கொடுத்தேன். எனக்குக் கோபம் வந்தால் வந்ததுதான், மனசில் வைத்துக்கொள்ள மாட்டேன். அவள்தான் உம்மென்று வருவாள். ட்ரைபாட்டின் ஒரு காலில் பூட்டு லூசாகிவிட்டது. மாற்ற வேண்டும்.


அக்டோபர் 7, திங்கள்

பையில் வண்ண அட்டையைக் காணோம். நிறம் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கப் படத்தின் ஓரத்தில் வைப்போமே, அந்தக் கட்டம் கட்டமான அட்டை. ஆற்றங்கரையில் விழுந்திருக்கலாம். நேற்று நடந்த களேபரத்தில் என்னதான் தொலையாது?

சாயங்காலம் சாரதா ஓர் அதிசயம் கேட்டாள். "ஏனுங்க, அந்தக் கிட்டத்துல எடுக்கற லென்சையும் பழைய கேமராவையும் கொஞ்ச நாளைக்கு நான் எடுத்துக்கட்டுங்களா? எலை எடுத்துப் பழகறனுங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேக்ரோ லென்ஸ் எல்லாம் பொறுமை உள்ளவர்கள் சமாச்சாரம். சரி, வீட்டில் சும்மாதானே இருக்கிறாள். எடுத்துக்கொள்ளச் சொன்னேன். லென்ஸை எப்படித் துடைப்பது, மூடி எப்படிப் போடுவது என்று காட்டிக்கொடுத்தேன். இடது கையைத் தூக்காமல் வலது கையாலேயே எல்லாம் செய்தாள். நாடகம்.


அக்டோபர் 9, புதன்

நம் வீட்டு ஃபோட்டோகிராஃபர் அம்மா பாத்ரூமில் ஸ்டூடியோ போட்டுவிட்டார்! வடக்குப் பார்த்த ஜன்னல், நாள் முழுக்க ஒரே வெளிச்சம், அதனால் அங்கேதான் இலையை வைத்து எடுப்பாளாம். கதவை வேறு தாழ் போட்டுக்கொள்கிறாள்.

"எலைக்கு வெக்கமா? எதுக்குத் தாழ்?"

"காத்து வந்தா ஆடிப்போயிருதுங்க."

சொல்லிக்கொடுத்ததை மறக்கவில்லை என்று ஒரு சந்தோஷம். ரசத்தில் உப்பு இல்லை.


அக்டோபர் 12, சனி

கிளென் லயன் பள்ளத்தாக்கு. கலைமான்கள் பெட்டைக்காக மோதிக்கொள்ளும் பருவம். காரை நிறுத்தியதும் கர்ஜனை கேட்டது. மான் கர்ஜிக்கும் என்று ஊரில் சொன்னால் யார் நம்புவார்கள்? சாரதாவை காரில் உட்காரச் சொல்லிவிட்டு நான் மட்டும் சதுப்பில் அரை மைல் ஏறினேன்.

இரண்டு ஆண்கள். சேற்றில் புரண்டு கறுத்துப்போய், கழுத்து மயிர் சிலிர்த்து, கொஞ்ச நேரம் பக்கத்தில் பக்கத்தில் நடந்தன. திடீரென்று திரும்பிக் கொம்பால் மோதிக்கொண்டன. எலும்பு உடைகிற சத்தம். சின்னதன் விலாவில் கொம்பு இறங்கி அது மண்டியிட்டது. பெரியது விடவில்லை. கீழே விழுந்ததைத் தள்ளித் தள்ளிக் குத்தியது. பெட்டைகள் தலைகூட நிமிராமல் மேய்ந்தன. என் வாழ்நாளில் இப்படி ஒன்று ஃப்ரேமுக்குள் வந்ததில்லை. சரியாக அப்போது பேட்டரி தீர்ந்தது.

ஸ்பேர் பேட்டரி சாரதாவின் கோட்டில். ஃபோன் பண்ணினேன். அவள் அந்தச் சேற்றில் ஆடி அசைந்து வருவதற்குப் பதினைந்து நிமிடம். கையில் கொடுக்கும்போது வெடிச்சத்தம். பெரிய மான் நின்ற இடத்திலேயே மடிந்தது. மேட்டுக்குப் பின்னாலிருந்து அந்த மலையை வைத்திருக்கும் எஸ்டேட்டின் வேட்டைக்காரர்கள் இரண்டு பேர் எழுந்து வந்தார்கள். ஒருவன் மானைப் பார்க்காமல் நேராக என்னிடம் வந்தான்.

"துப்பாக்கி நடமாடுற மலையில கேக்காம ஏறி நிக்கிறியே, உனக்கு உசிரு மேல ஆசை இல்லையா? அந்தப் பொம்பளையையும் கூட்டிட்டு வந்திருக்க. கீழ போர்டு இருக்கு, படிக்கத் தெரியாதா?"

சாரதா முன்னால் என்னை அப்படிக் கேட்டான். பக்கத்தில் இன்னொருவன் மானின் வயிற்றைக் கிழித்துக் குடலை உருவிக்கொண்டிருந்தான். அதிலிருந்து ஆவி பறந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன். இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது.

காரில் ஏறும்போது அவள் பக்கத்துக் கதவை நான்தான் சாத்தினேன். அவள் கை அங்கே இருக்கும் என்று யார் கண்டது? முதல் தடவை சரியாக மூடவில்லை. அதனால் இன்னொரு தடவை சாத்தினேன்.

பதினேழு படம் தேறும். எல்லாம் சண்டைக்கு முந்தியவை.


அக்டோபர் 13, ஞாயிறு

மரம்: ஏழாவது படம். உச்சியில் மஞ்சள் தொடங்கிவிட்டது.


அக்டோபர் 15, செவ்வாய்

கிளப் கூட்டம். சாரதா வரவில்லை என்றாள், நான்தான் கூட்டிப்போனேன். வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். இடது கையில் இரண்டு விரலுக்குக் கட்டு. டீ ஊற்றுகிற இடத்தில் மோராக் பிடித்துக்கொண்டாள். எழுபது வயதிருக்கும், ஊர் ஊராகப் போய் ஊசி போட்ட ரிட்டயர்ட் நர்ஸ், பறவைப் படம் மட்டும் எடுப்பாள். எல்லோர் விஷயத்திலும் மூக்கை நுழைப்பவள்.

"கைக்கு என்ன ஆச்சு, கண்ணு?"

"காத்துல கார் கதவு சாத்திக்கிச்சு" என்றேன் நான்.

"நான் அவளைக் கேட்டேன்" என்றாள் கிழவி.

"காத்துதான்" என்று சாரதாவும் ஆங்கிலத்தில் சொன்னாள். மோராக் என்னையே பார்த்துக்கொண்டு சர்க்கரை கலக்கினாள். எனக்கு அந்தப் பார்வை பிடிக்கவில்லை.


அக்டோபர் 19, சனி

டன்கெல்ட் காட்டு அருவி. பாறை இடுக்கில் மொத்த ஆறும் இறங்குகிறது, மேலே கல் பாலம். மூன்று நாள் மழையில் தண்ணீர் காபி நிறத்தில் கொதித்தது. மரத்துண்டு ஒன்று வந்து பாறையில் மோதிச் சிம்பு சிம்பாகப் போனதைப் பார்த்தேன்.

ஃபில்டர் துடைக்கத் துணி கேட்டேன். அவள் கோட்டுப் பையில் நானே கைவிட்டேன். துணியோடு ஒரு துண்டுச் சீட்டு வந்தது. ஒரு ஃபோன் நம்பர், கீழே மோராக் என்று எழுதியிருந்தது. எந்நேரமும் கூப்பிடலாம் என்று ஒரு வரி.

பதினோரு வருடம் சோறு போட்டவன் நான். விசா என் பேரில் இருக்கிறது, வீடு என் பேரில் இருக்கிறது. ஊசி போடுகிற கிழவியிடம் என்ன பேச்சு? எனக்குக் கண் மண் தெரியவில்லை. அவளைப் பாலத்துக் கைப்பிடிச் சுவரோடு சேர்த்துப் பிடித்தேன். இடுப்புவரைக்கும் சுவர், அதற்கு மேல் அவள் வெளியே சாய்ந்திருந்தாள். தலைமயிர் கீழே தொங்கியது. அருவிச் சத்தத்தில் நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை.

"சொல்லு! என்ன சொல்லி வெச்சிருக்க அவகிட்ட?"

"ஒண்ணுமில்லீங்க."

"உட்டா எங்க போவ தெரியுமா?"

"தெரியுதுங்க" என்றாள். அழவில்லை. கீழே தண்ணீரைப் பார்க்கவுமில்லை. என் முகத்தையே பார்த்தாள், ஃபோகஸ் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. அது என்னை இன்னும் வெறியேற்றியது. விட்டிருப்பேனா? இல்லை, நான் அப்படிப்பட்டவன் இல்லை. ஆனால் என் கை கொஞ்சம் தளர்ந்தது உண்மை. அப்போது எனக்கே பயமாக இருந்தது.

காலடிச் சத்தம் கேட்டு அவளை உள்ளே இழுத்தேன். யார்க்ஷயரிலிருந்து வந்த வயதான தம்பதி. தங்களை ஒரு படம் எடுக்க முடியுமா என்று கேட்டார்கள். எடுத்துக் கொடுத்தேன். பதிலுக்கு எங்களையும் எடுத்தார்கள். "இன்னும் கிட்ட நில்லுங்க" என்றார் அந்த மனுஷன். தோளில் கை போட்டேன். அந்தப் படத்தில் சாரதா நன்றாகச் சிரித்திருக்கிறாள், எனக்குத்தான் கண் மூடிக்கொண்டது.

சீட்டைக் கிழித்து ஆற்றில் போட்டேன்.


அக்டோபர் 20, ஞாயிறு

புயல். ஜன்னல் கண்ணாடி நாள் முழுக்க அதிர்ந்தது. பக்கத்து வீட்டு வேலி பறந்து நம் கார் மேல் விழுந்தது. வெளியே போக முடியவில்லை, இரண்டு பேரும் வீட்டுக்குள்ளேயே. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.


அக்டோபர் 21, திங்கள்

மரம் போய்விட்டது.

வேரோடு பிடுங்கி ஏரிக்குள் தள்ளியிருக்கிறது புயல். ஒன்பது படம் எடுத்திருந்தேன். இன்னும் மூன்றுதான் பாக்கி. நான் அடித்த ஆணி மட்டும் அப்படியே இருக்கிறது. மழையில் நின்று அந்த மரத்தை உதைத்தேன். கால் வீங்கியதுதான் மிச்சம். போட்டிக்குப் படம் அனுப்பக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை.


அக்டோபர் 24, வியாழன்

பழைய கேமராவின் கார்டைக் காலி செய்யலாம் என்று கணினியில் போட்டேன். சாரதா 'இலை' என்று ஒரு ஃபோல்டர் வைத்திருந்தாள். உள்ளே பன்னிரண்டு படம், ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண் போட்டு, தேதிவாரியாக.

முதலில் சாதாரணமாகத்தான் பார்த்தேன். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தேன். பழுப்பு இலையின் மேல் சிவப்பு ஒரு கோடாக இறங்குகிறது. அடுத்த படத்தில் கோடு பரவி ஊதா. பிறகு கருநீலம். ஆறாவதில் ஓரம் பச்சையாகிறது, எட்டாவதில் மஞ்சள் கசிகிறது, பதினொன்றில் எல்லாம் வடிந்து மறுபடி பழுப்பு. அவ்வளவு கிட்டத்தில் எடுத்ததால் இலையின் விளிம்பே ஃப்ரேமில் இல்லை. ஒரே தூரம், ஒரே வெளிச்சம், துளி ஆட்டம் இல்லை. நான் சொல்லிக்கொடுத்தது அப்படியே இருக்கிறது.

குறைகளும் உண்டு. நரம்புகள் தெளிவாக விழவில்லை. மெல்லிய ரோமம் தெரிகிறது. பீச் இலையில் ரோமம் உண்டு என்று படித்திருக்கிறேன். கடைசிப் படத்தில் கொஞ்சம் நகர்ந்து எடுத்திருக்கிறாள், மூலையில் பூச்சி கடித்தது போல வட்டமாக ஒரு வடு. அதை வெட்டி எறியலாமா என்று பார்த்தேன். வேண்டாம், இயற்கையாக இருக்கிறது.

நிறத்தை மட்டும் கொஞ்சம் தூக்கினேன். பேசாமல் அனுப்பியிருக்கலாம். இருந்தாலும் அவளிடம் ஒரு வார்த்தை சொன்னேன்.

"சரிங்க" என்றாள். வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "உங்க கேமராதானுங்களே. உங்க பேருலயே போடுங்க."

"பின்ன உன் பேருலயா போடுவாங்க?"

"வரிசைய மட்டும் மாத்திராதீங்க" என்றாள்.

'ஒரே இலை, பன்னிரண்டு நாள்' என்று தலைப்பு வைத்து என் பெயரில் அனுப்பிவிட்டேன். சாரதா மேல் ரொம்ப நாளைக்கப்புறம் ஆசையாக இருந்தது. நல்ல பெண்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால் ஒரு தொந்தரவும் இல்லை.


அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. வேலை நாள். அதிரசம் சுட்டிருந்தாள். புது ரவிக்கைக்கும் மணிக்கட்டுவரை கை வைத்துத் தைத்திருக்கிறாள். இந்தக் குளிரில் யாருக்கும் வித்தியாசமாகத் தெரியாது.


நவம்பர் 7, வியாழன்

செவ்வாய்க்கிழமை நடந்ததை நான் நினைவில் இருக்கிறபடி எழுதி வைக்க வேண்டும். மற்றவர்கள் வேறு மாதிரி சொல்வார்கள்.

சாயங்காலம் ஏழு மணிக்குக் கூட்டம். நவம்பர் ஐந்து இந்த நாட்டில் வெடி விடுகிற நாள், ஊர் முழுக்க வாணவேடிக்கை, ஹால் ஜன்னல்கள் படபடவென்று அதிர்ந்தன. நான் மூன்றாவது வரிசை. சாரதா முன்வரிசையில் மோராக் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். எழுந்து வரச் சொல்லி ஜாடை காட்டினேன். திரும்பிப் பார்க்கவில்லை.

அபர்டீனிலிருந்து வந்த நடுவர் மற்ற படங்களையெல்லாம் பிய்த்து எறிந்தார். என்னுடையது கடைசியில் வந்தது. சுவர் உயரத் திரையில் அந்தச் சிவப்பைப் பார்த்ததும் என் வரிசைக்காரர்கள் முன்னால் சாய்ந்தார்கள். ஊதா வந்தபோது யாரோ மூச்சை இழுத்துவிட்டார்கள். "முப்பது வருஷமா நடுவரா இருக்கேன், ஒரு இலையை இவ்வளவு நெருங்கி யாரும் பாத்ததில்ல" என்றார் நடுவர். முதல் பரிசு. என் பெயரைப் படித்தார்கள். கைதட்டலுக்கு நடுவே எழுந்து நின்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஒரு நிமிடம் போல என் வாழ்க்கையில் இன்னொன்று இல்லை.

எப்படி எடுத்தீர்கள் என்று கேட்டார்கள். சொன்னேன். அக்டோபர் ஆறாம் தேதிக்குப் பிறகு தினமும், எங்கள் வீட்டு வடக்கு ஜன்னல் பக்கத்தில், என் மேக்ரோ லென்ஸில். ஒரே இடம், ஒரே தூரம், ஒரே வெளிச்சம். யாருடைய உதவியும் இல்லை.

"என்ன மரம்?" என்று மோராக் கேட்டாள்.

"பீச். ஓரத்துல பூச்சி கடிச்சதைக்கூட வெட்டாம விட்டிருக்கேன்."

திரையில் பன்னிரண்டாவது படம் நின்றிருந்தது. அவள் எழுந்து தடியை ஊன்றிக்கொண்டு திரைக்குப் போனாள். நிழல் பெரிதாக விழுந்தது. மூலையிலிருந்த அந்த வட்ட வடுவின் மேல் விரலை வைத்தாள்.

"இது பூச்சி கடிச்சது இல்ல. காசநோய் தடுப்பூசி போட்ட தழும்பு. இந்தக் கையால ஆயிரக்கணக்கான பேருக்குப் போட்டிருக்கேன். எனக்கே இருக்கு" என்றாள். பிறகு திரையை மேலும் கீழும் பார்த்தாள். "இது இலை இல்ல. இது ஒரு ஆளோட கை."

வெளியே ஒரு வெடி வெடித்தது. சாரதா எழுந்து கோட்டைக் கழற்றினாள். உள்ளே கையில்லாத ரவிக்கை. அதை எப்போது வாங்கினாள் என்று எனக்குத் தெரியாது. இடது தோளுக்குக் கீழே அதே வடு இருந்தது. அதற்குக் கீழே, முதல் படத்தில் சிவப்பாக இறங்கிய அந்தக் கோடு, மங்கிய நிழலாக. முழங்கைப் பக்கம் புதிது, புயல் அன்றைக்கு வந்தது, இன்னும் மஞ்சளாக இருந்தது. எல்லோர் கண்ணும் அவள் கையையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது. நான் இன்னும் நின்றுகொண்டிருந்தேன்.

"என்னுடைய கை" என்று ஆங்கிலத்தில் அவர்களிடம் சொன்னாள். என் பக்கம் திரும்பித் தமிழில், சத்தம் போடாமல் சொன்னாள்.

"உக்காருங்க."

பதினோரு வருடத்தில் அவள் என்னிடம் இதைச் செய், அதைச் செய் என்று சொன்னதில்லை. வீட்டுக்குக் கூட்டிப்போகத்தான் போனேன். நாற்காலிகள் விழுந்தது நெரிசலில். கையைப் பிடித்தேன், அது அந்தக் கையாக அமைந்துவிட்டது. அவள் கத்தினாள். மோராக் குறுக்கே வந்ததால் தடி என் மேல் பட்டது. இல்லை, அடித்தாள். எழுபது வயதுக் கிழவி என் முகத்தில் அடித்தாள். நடுவரும் இன்னும் மூன்று பேரும் என்னைத் தரையோடு அமுக்கிப் பிடித்தார்கள். கன்னம் தரையில் இருக்க, திரையில் அந்தப் படம் மட்டும் எனக்குத் தெரிந்தது.


நவம்பர் 8, வெள்ளி

செவ்வாய் இரவு போலீஸ் பிடித்துப்போய், மறுநாள் கோர்ட்டில் ஜாமீனில் விட்டார்கள். ஊருக்கு வெளியே ஒரு விடுதியில் அறை. வீட்டுப் பக்கம் போகக் கூடாது, அவளோடு பேசக் கூடாது, ஆள் விட்டும் பேசக் கூடாது என்று கோர்ட்டில் சொல்லியிருக்கிறார்கள். அவள் எங்கே இருக்கிறாள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

விசாரித்த போலீஸ்காரப் பெண் படங்களை மேஜையில் பரப்பினாள். நான் நிறம் தூக்கியவை இல்லை, சாரதா தனியாக வைத்திருந்து கொடுத்த அசல். ஒவ்வொன்றின் ஓரத்திலும் என் வண்ண அட்டை இருந்தது. நான் பார்த்த ஃபோல்டரில் இருந்ததெல்லாம் அட்டையை வெட்டிவிட்டு வைத்தவை. ஒரு மாதமாகத் தேடுகிறேன், அட்டை பாத்ரூம் அலமாரியில் இருந்திருக்கிறது. எடுத்த தேதி, நேரம் எல்லாம் கேமராவிலேயே பதிவாகியிருந்தது.

"உங்க மனைவி கையை உங்களுக்கு அடையாளம் தெரியலையா?" என்று கேட்டாள்.

வக்கீல் பதில் சொல்ல வேண்டாம் என்றார். சொல்லச் சொன்னாலும் என்ன சொல்வேன்? எனக்குத் தெரியவில்லை. சத்தியமாக அது இலை என்றுதான் நினைத்தேன்.

போலீஸ் துணைக்கு வந்து அவள் தன் சாமான்களை எடுத்துப் போனாளாம். பாஸ்போர்ட், துணிமணி, இரண்டு பாத்திரம். மேக்ரோ லென்ஸைத் துடைத்து மூடி போட்டு, போலீஸ் இங்கே கொண்டுவந்து கொடுத்த என் பையில் அதற்குரிய இடத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். கிளப்பிலிருந்து கடிதம் வந்தது. என்னை நீக்கிவிட்டார்கள். முதல் பரிசை ரத்து செய்யவில்லை, பெயரை மட்டும் திருத்தியிருக்கிறார்கள். சாரதாமணி என்று எழுத்துப் பிழை இல்லாமல் போட்டிருக்கிறார்கள்.


நவம்பர் 10, ஞாயிறு

நல்ல வெயில். கேமரா போலீஸிடம் இருக்கிறது.

காலையில் இந்த நோட்டை முதலிலிருந்து படித்தேன். நான் எழுதியதுதான். ஆனால் வேறு யாராவது படித்தால் தப்பாக எடுத்துக்கொள்ள இடம் இருக்கிறது. கேட்டால் காட்டும்படி இருக்க வேண்டும். கடைக்குப் போய் இதே அளவில் ஒரு புது நோட்டு வாங்கி வந்தேன். தேவையில்லாததை விட்டுவிட்டுச் சுத்தமாக எழுதப் போகிறேன். படத்தில் வேண்டாததை வெட்டுவதில்லையா?

எங்கே வெட்டுவது என்று ரொம்ப நேரம் பார்த்தேன். ட்ரைபாட்டை எடுத்தால் அவள் ஏன் பாறையில் உட்கார்ந்தாள் என்று வருகிறது. கதவை எடுத்தால் கட்டு ஏன் என்று வருகிறது. பாலத்தை எடுத்தாலும் அந்த யார்க்ஷயர்க்காரர்கள் எடுத்த படத்தில் அவள் நிற்கிறாள். கடைசியில் சுலபமான வழி தெரிந்தது. பேனாவில் புது மை போட்டு, ஜன்னல் பக்கம் மேஜையை இழுத்துப் போட்டு ஆரம்பித்தேன்.

அக்டோபர் 6, ஞாயிறு. அல்மண்ட் ஆறு. தனியாகப் போனேன். மூன்று மணி நேரம் காத்திருந்தேன். நாலு பத்துக்குப் பெரிய ஆண் சால்மன் முழுசாக எழும்பியது. ட்ரைபாட் ஆடவில்லை.